மூணாறு மலையிலிருந்து வெளிநாட்டு விமானம்: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முறை

கொச்சியிலிருந்து துபாய்க்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,780 கிலோமீட்டர். விமானம் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மூணாறிலிருந்து கொச்சி விமான நிலையத்துக்குச் சாலை வழியே சுமார் 110 கிலோமீட்டர்தான். அதற்கும் நான்கு மணி நேரம் பிடிக்கும். தேவிகுளம், பீர்மேடு பக்கத்திலிருந்து முதன்முதலாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே போய் வந்தவரிடம் கேட்டால் "துபாயா? நாலு மணி நேரம்தான்" என்பார். அவர் சொல்வது விமானம் வானத்தில் இருக்கும் நேரத்தை. கேட்கிற அப்பாவோ, காலையில் எஸ்டேட்டில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மகன் துபாயில் இருப்பான் என்று எண்ணிக்கொள்கிறார். லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) வாசலிலிருந்து துபாய் அறைக் கதவு வரை எவ்வளவு நேரம் என்பதே உண்மையான கேள்வி. அதைப் படிப்படியாகக் கணக்கிடலாம்.

முதல் படி: தூரத்தைச் சரியாகப் படியுங்கள்

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் ஒரு தூரம் வரும். அது எந்த அளவில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கொச்சி–துபாய் தூரமே ஓரிடத்தில் 2,780 என்றும், இன்னோரிடத்தில் 1,730 என்றும், மற்றோரிடத்தில் 1,500 என்றும் இருக்கும். மூன்றும் சரிதான். முதலாவது கிலோமீட்டர். இரண்டாவது மைல், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். மூன்றாவது கடல் மைல். விமானிகள் பயன்படுத்தும் அளவு அதுதான், 1.852 கிலோமீட்டர்.

அடுத்து, இந்தத் தூரம் பூமி உருண்டையின் மேற்பரப்பை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டை கிடைத்தால் ஒரு நூலை எடுத்துக் கொச்சியில் ஒரு முனையையும் கனடாவின் டொராண்டோவில் மறுமுனையையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே அரபிக்கடல் பக்கம் போகாது. கிட்டத்தட்ட நேர் வடக்காக ஏறி, மத்திய ஆசியாவைக் கடந்து, வட துருவப் பகுதியை ஒட்டி அந்தப் பக்கம் இறங்கும். தூரம் ஏறத்தாழ 13,550 கிலோமீட்டர்.

விமானம் அந்த நூல் போன வழியிலேயே அப்படியே போகும் என்றும் நினைக்க வேண்டாம். காற்று, புயல், வான்வழிப் போக்குவரத்து நெரிசல், எல்லாவற்றுக்கும் மேலாக அரசியல், பாதையை வளைக்கும். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு லண்டன்–டோக்கியோ பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற நம் விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டியதாயிற்று. கொச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வழி முழுக்கப் பெரும்பாலும் கடல்தான். ஆனால் வளைகுடாவிலேயே போர்ப் பதற்றம் வந்தால் கதை வேறு. 2025 ஜூனில் கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதற்கே எத்தனையோ விமானங்கள் பாதி வழியில் திரும்பின.

இரண்டாம் படி: பறக்கும் நேரம்

மனக்கணக்காகவே போடலாம். பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவை. தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவும் அரை மணி நேரம் கூட்டுங்கள். துபாய்க்கு 2,780ஐ 850ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி. அரை மணியைக் கூட்டினால் மூன்றே முக்கால். கோயம்புத்தூர்–சிங்கப்பூர் ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர்; கணக்குப்படி நாலேகால் மணி. கொச்சி–லண்டன் 8,200 கிலோமீட்டர் சுமாருக்கு. பத்து மணிக்குக் கொஞ்சம் மேல்.

டிக்கெட்டில் இதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் வியக்க வேண்டாம். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போகும் ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையான நேரம். சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. தாமதமாகிவிட்டது என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டுக்கொள்கின்றன. "இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானத்தில் பெருமையாக அறிவிப்பார்களே, அது இந்தத் தாராளத்தின் விளைவுதான்.

இரண்டாவது காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நம்முடைய அட்சரேகைக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். அதனால் மேற்கே போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் காற்று. துபாய் போக நான்கு மணி நேரம் ஆனால் திரும்ப மூன்றே முக்கால் போதும். லண்டன், அமெரிக்கா போன்ற நெடுந்தூரப் பயணங்களில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் வரைபடம் ஓடினால் வேகத்தைக் கவனியுங்கள். போகும்போது 800 என்று காட்டுவது திரும்பும்போது 1,000ஐத் தொடுவதைப் பார்க்கலாம். விமானத்தின் எந்திரம் அதேதான். காற்று மட்டும் கட்சி மாறியிருக்கிறது.

மூன்றாம் படி: டிக்கெட்டில் உள்ள கடிகாரம்

பெரும்பாலோர் தடுமாறுகிற இடம் இதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும்; சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது.

உதாரணத்துக்கு ஒரு விமானம் கொச்சியில் காலை 10.30க்குப் புறப்பட்டுத் துபாயில் பகல் 1.00க்குச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் இரண்டரை மணி நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே 1.00 என்றால் இங்கே 2.30. ஆக, பயணம் நான்கு மணி நேரம். திரும்பும்போது துபாயில் பகல் 2.00க்குப் புறப்பட்டு இரவு 7.15க்குக் கொச்சியில் இறங்கினால் ஐந்தேகால் மணி நேரம் போலத் தெரியும். புறப்பட்ட 2.00 நம் கணக்கில் 3.30, பயணம் மூன்றே முக்கால்தான். இரண்டு நேரத்தையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழித்தால் குழப்பமே வராது.

நம் ஆட்கள் அதிகம் போகும் ஊர்களின் வித்தியாசம் இவ்வளவு: ஐக்கிய அரபு அமீரகமும் ஓமனும் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால். இவை ஆண்டு முழுதும் மாறாதவை. இங்கிலாந்தும் கனடாவின் பெரும்பகுதியும் அப்படியல்ல. கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பார்கள். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால்; மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால். டொராண்டோ குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. கனடாவில் இந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறில் முடிவதால், நடுவில் சில வாரங்கள் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் உள்ள இடைவெளியே மாறி நிற்கும். அந்த வாரங்களில் பயணம் என்றால் நினைவை நம்பாமல் டிக்கெட்டை நம்புங்கள்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் "+1" என்று சின்னதாக இருந்தால் மறுநாள் சேர்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புபவை. டிக்கெட்டில் "15ஆம் தேதி, 00.40" என்று இருந்தால், 14ஆம் தேதி இரவு பன்னிரண்டு அடித்த நாற்பதாவது நிமிடம். 14ஆம் தேதி மாலை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அன்று மதியத்துக்குள் மலை இறங்கியிருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும், பணமும் பெரும்பாலும் திரும்பாது. டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டுக் காலண்டரில் "14 இரவு" என்று எழுதி வட்டமிடுங்கள். 15 என்ற எண்ணையே வீட்டில் உச்சரிக்காதீர்கள்.

நான்காம் படி: விமான நிலையத்துக்குள் போகும் நேரம்

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வது சும்மா அல்ல. பெட்டி போடும் கவுண்டரை விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பெரும்பாலான நிறுவனங்கள் மூடிவிடும். அதற்குப் பிறகு குடியகல்வுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, பிறகு ஏறும் வாயிலுக்கு நடை. வாயிலையும் இருபது இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே சாத்திவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றுகொண்டே இருக்கும். நீங்கள் ஏற முடியாது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு, அதாவது ஈசிஆர், இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டோடு வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி முன்கூட்டியே வேண்டும். விமான நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கொச்சி விமான நிலையம் இருப்பது கொச்சி நகரத்தில் அல்ல, நெடும்பாசேரியில். 1999இல் திறக்கப்பட்டது, 2015 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. ஆலுவாவும் அங்கமாலியும்தான் பக்கத்து ஊர்கள். "எர்ணாகுளம் போய் அங்கிருந்து போகலாம்" என்று கிளம்பினால் விமான நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும். உள்நாட்டு முனையமும் வெளிநாட்டு முனையமும் தனித்தனிக் கட்டடங்கள். இறக்கிவிடும் ஓட்டுநரிடம் எது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: மலை

மூணாறிலிருந்து நெடும்பாசேரி காகம் பறக்கும் தூரத்தில் 70 கிலோமீட்டர் சொச்சம். சாலை அதை 110 ஆக்குகிறது. அடிமாலி தாண்டி நேரியமங்கலம் பாலம் வரும்வரை வளைவும் காடும்தான். அதன்பின் கோதமங்கலம், பெரும்பாவூர், காலடி என்று சமவெளி. ஆனால் ஊருக்கு ஊர் நெரிசல். நல்ல நாளில் மூன்றரை மணியில் போகலாம். நல்ல நாள் என்று ஒன்றை எதிர்பார்த்து விமானத்துக்குக் கிளம்பக் கூடாது. ஜூன் தொடங்கிவிட்டால் மரம் விழும், மண் சரியும், நேரியமங்கலம் காட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். டிசம்பரிலும் ஏப்ரல், மே விடுமுறையிலும் சுற்றுலா வண்டிகளால் மூணாறு ஊரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். 2030 குறிஞ்சி பூக்க வேண்டிய ஆண்டு. அந்தப் பருவத்தில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு இப்போதே அனுதாபங்கள்.

எஸ்டேட்டின் உள் டிவிசனில் வீடு என்றால், அங்கிருந்து மூணாறு வர ஜீப்புக்கு ஆகும் நேரத்தையும் கூட்டுங்கள். இரவில் யானை சாலையில் நின்றால் அது நகரும்வரை ஜீப்பும் நிற்கும். விமானத்துக்கு நேரமாகிறது என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை.

மேலே சொன்ன 10.30 விமானத்தையே எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணுவோம். விமான நிலையத்தில் 7.30க்கு இருக்க வேண்டும். சாலைக்கு நான்கு மணி, அசம்பாவிதத்துக்கு ஒரு மணி. மூணாறில் அதிகாலை 2.30க்கு வண்டி ஏற வேண்டும். மூடுபனியும் காடும் உள்ள நேரம் அது. ஓட்டுநருக்கும் தூக்கம் கண்ணைச் சொக்கும். காலை விமானம் என்றால் முந்தைய நாள் பகலிலேயே இறங்கி ஆலுவாவிலோ அங்கமாலியிலோ தங்கிவிடுவதே என் கட்சி. அறை வாடகை ஒரு டிக்கெட்டை இழப்பதைவிடப் பலமடங்கு மலிவு.

இப்போது மொத்தக் கூட்டலைப் பாருங்கள். மலை ஐந்து மணி, விமான நிலையம் மூன்று, வானம் நான்கு, துபாயில் குடிவரவும் பெட்டியும் ஒன்றரை, அறைக்குப் போக ஒன்று. பதினாலரை மணி நேரம். மகன் பேசுவதற்கு முன்பே அழுது தீர்த்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவைக்க இந்த எண் உதவும்.

கொச்சிதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிடவும் வேண்டாம். சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கத்தவர்கள் போடிமெட்டு இறங்கி மதுரைக்குப் போவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறையூர்க்காரர்களுக்குச் சின்னாறு, உடுமலை வழியாகக் கோயம்புத்தூர் கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரடி விமானங்கள் உண்டு. அது காட்டுவழி என்பதால் பகலில் மட்டும் திட்டமிடுங்கள். இரண்டு ஊரிலும் கொச்சியளவு விமானங்கள் இல்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது அன்றே கிடைப்பது அரிது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, 15ஆம் தேதி முதல் 29ஆம் தேதி வரை கொச்சி விமான நிலையம் மூடிக் கிடந்தது. மலைச் சாலைகளும் அறுந்துபோயின. மழை மாதங்களில் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் டிக்கெட் போடாமல் இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போடுவது நல்லது.

ஆறாம் படி: இறங்கி மாறும் பயணம்

லண்டனுக்கு நேரடியாகப் போனால் 8,200 கிலோமீட்டர் என்றேன். துபாயில் இறங்கி மாறினால் 8,280. கூடுவது அறுபது எண்பது கிலோமீட்டர்தான். துபாய் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. டெல்லி வழியாகப் போனால் 500 கிலோமீட்டருக்கு மேல் கூடும். ஆனால் நேரத்தைத் தின்பது தூரமல்ல, காத்திருப்பு. துபாய் வரை நான்கு மணி, அங்கே மூன்று மணி காத்திருப்பு, அங்கிருந்து லண்டனுக்கு ஏழரை மணி, பதினாலரை ஆகிவிட்டது. விலை மலிவாகத் தெரியும் டிக்கெட்டில் நடுவூரில் எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பதினெட்டு மணி நேரக் காத்திருப்பில் மிச்சப்படுத்திய பணம் சாப்பாட்டுக்கே போய்விடும்.

முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊருக்கே போய்விடும். இரண்டு தனி டிக்கெட்டாக வாங்கினால் இரண்டும் உங்கள் தலையில். முதல் முறை போகிறவர்கள் மாறுவதற்குக் குறைந்தது இரண்டரை மணி நேரமாவது இருக்கும்படி பாருங்கள். சில நாடுகள் விமான நிலையத்துக்குள் மாறிச் செல்வதற்கே விசா கேட்கும். டிக்கெட் வாங்குவதற்கு முன் அதைச் சரிபாருங்கள். திரும்பும்போது டெல்லியிலோ மும்பையிலோ முதலில் இறங்கினால் அங்கேயே குடிவரவும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கும் நேரம் விடுங்கள்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் நீண்ட பயணத்தில் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போட்டால் கணக்குத் தப்பும். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

திரும்பி வரும்போது

இரவு 7.15க்குக் கொச்சியில் இறங்கினால் குடிவரவு, பெட்டி, சுங்கம் முடித்து வெளியே வர எட்டரையாகும். உடனே மலையேறினால் நள்ளிரவைத் தாண்டித்தான் மூணாறு. மழைக்காலத்தில் அதைத் தவிர்த்து, கீழேயே தங்கிக் காலையில் ஏறுங்கள். அழைத்துப்போக ஜீப் வருகிறது என்றால் ஓட்டுநரிடம் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். விமானத்தின் எண்ணையும் இந்தியாவில் இறங்கும் தேதியையும் அனுப்புங்கள். அந்த எண்ணைத் தட்டினால் விமானம் எங்கே பறந்துகொண்டிருக்கிறது என்று அவருடைய கைப்பேசியிலேயே தெரியும்; தாமதம் என்றால் அவர் அடிமாலியில் ஒரு டீ குடித்துவிட்டு மெதுவாக இறங்குவார்.